மந்திரப் பள்ளியும் காதல் பேரேடும்: பிள்ளைகள் விளையாடும் ‘விஷுவல் நாவல்’ பற்றிப் பெற்றோருக்கு

பிள்ளை கணினியில் விளையாடுகிறது என்றால் எமது வீடுகளில் பெரும்பாலும் இரண்டு காட்சிகள்தான் மனதில் வரும். ஒன்று துப்பாக்கிச் சூடு, மற்றது உதைபந்தாட்டம். இரண்டும் இல்லாமல் திரையில் ஒரு பள்ளிக்கூட மாணவியின் படம் அசையாமல் நிற்கிறது. கீழே ஒரு பெட்டிக்குள் எழுத்து வரிவரியாக வருகிறது. பிள்ளை ஒரு சொல்லும் பேசாமல் மணித்தியாலக் கணக்கில் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறது. நாம் குழம்பிப்போகிறோம். “இதில என்ன விளையாட்டு இருக்கு?” என்று கேட்டால், “விஷுவல் நாவல்” என்று பதில் வரும். அதற்கு மேல் பேச்சு நீளாது. அது காதல் கதையாகவும் இருந்துவிட்டால் பிள்ளை திரையை மூடிவிடும். பெற்றோரும் சமையலறைப் பக்கம் போய்விடுவார்கள்.

அந்த மூடிய திரைக்குள் என்ன நடக்கிறது என்பதை, இந்த விளையாட்டுகளைத் தொட்டுப் பார்த்திராத பெற்றோருக்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். எமது தொழில் கணக்கியல். வர்த்தகப் பட்டத்தோடு புறப்பட்டு, அகதியாக வந்த நாட்டில் பிறருடைய கணக்குகளை எழுதிச் சீவிப்பவர்கள் நாம். இலக்கிய விமர்சனமும் கணினி விஞ்ஞானமும் எமது துறைகள் அல்ல. எனினும் இந்த விளையாட்டுகளின் அடியில் இருப்பது ஒரு கணக்குப் புத்தகம். அதைப் புரட்டிப் பார்த்துச் சொல்ல எமக்கும் கொஞ்சம் தகுதி உண்டு என்று நினைக்கிறோம். இதற்காக ‘மஜிக்கல் டயரி: ஹோர்ஸ் ஹோல்’ என்ற விளையாட்டில் ஒரு முழுக் கல்வியாண்டை விளையாடி முடித்தோம். விளையாடி என்பதைவிட, வாசித்து முடித்தோம் என்பதே பொருத்தம்.

விளையாட்டா, நாவலா?

படக்கதைப் புத்தகத்தையும் வானொலி நாடகத்தையும் சேர்த்துக் குழைத்தால் எப்படி இருக்குமோ, அதுதான் விஷுவல் நாவல். பின்னணியில் ஒரு வகுப்பறையோ தோட்டமோ வரையப்பட்டிருக்கும். அதன் முன்னால் பாத்திரங்கள் தோன்றும். அவர்களின் பேச்சு கீழே எழுத்தாக வரும். ஒரு வரியை வாசித்து அழுத்தினால் அடுத்த வரி. இடைக்கிடையே கதை நின்று, “நீ என்ன சொல்லப் போகிறாய்?” என்று கேட்டு, இரண்டு மூன்று பதில்களை முன்வைக்கும். நாம் எதைத் தெரிவு செய்கிறோமோ அதற்கேற்பக் கதை திரும்பும்.

இந்த வகை ஜப்பானில் வளர்ந்தது. 1994ஆம் ஆண்டு கொனாமி நிறுவனம் ‘டொகிமெகி மெமோரியல்’ என்ற விளையாட்டை வெளியிட்டது. உயர்தரப் பள்ளியில் மூன்று ஆண்டுகள் படிக்கும் ஒரு பையன், படிப்பையும் பழக்கவழக்கத்தையும் வளர்த்துக்கொண்டு ஒரு பெண்ணின் அன்பைப் பெற முயல்வதுதான் கதை. அதே ஆண்டு கோய் நிறுவனத்தின் ‘ரூபி பார்ட்டி’ என்ற குழு, பெண்களுக்கென்றே ‘அஞ்சலிக்’ என்ற விளையாட்டை உருவாக்கியது. பெண் நாயகியாக இருந்து தனக்குப் பிடித்தவரைத் தேர்ந்தெடுக்கும் இத்தகைய விளையாட்டுகளை ஜப்பானியர் ‘ஒட்டோமே’ விளையாட்டு என்பர். ஒட்டோமே என்றால் கன்னிப்பெண்.

பின்னர் இது ஜப்பானுக்கு வெளியேயும் பரவியது. அதற்கு உதவிய கருவிகளில் முக்கியமானது ‘ரென்பை’. டொம் ரொதாமெல் என்பவர் 2004ஆம் ஆண்டு வெளியிட்ட இலவச மென்பொருள் அது. கதை எழுதத் தெரிந்தவரும் படம் வரையத் தெரிந்தவரும் சேர்ந்தால், பெரிய முதலீடு இல்லாமலே ஒரு விஷுவல் நாவலைச் செய்துவிடலாம் என்ற நிலையை அது உண்டாக்கியது. ஜோர்ஜினா பென்ஸ்லி என்ற பெண்மணி நடத்தும் ‘ஹனாகோ கேம்ஸ்’ என்ற சிறிய நிறுவனம் 2011இல் வெளியிட்ட மஜிக்கல் டயரியும் ரென்பையில் செய்யப்பட்டதுதான். அதில் நாயகி பெண். 2020இல் வந்த ‘வூல்ஃப் ஹோல்’ என்ற இணைக்கதையில் அதே பள்ளியை ஒரு பையனின் கண்ணால் பார்க்கலாம்.

ஐரிஸ் அக்கடமியில் ஓராண்டு

கதை நடப்பது ஐரிஸ் அக்கடமி என்ற மந்திரப் பள்ளியில். நாயகிக்குப் பெயரை நாமே வைக்கலாம். ஹோர்ஸ் ஹோல் என்பது அவள் தங்கும் விடுதி. அவளோடு ஒரே அறையில் இருவர் தங்குகிறார்கள். எலென் படிப்பில் ஆர்வமுள்ளவள். வேர்ஜீனியா விளையாட்டுத் திடலை விரும்புபவள், பரம்பரையாக மந்திரம் தெரிந்த குடும்பத்துப் பிள்ளை. அவளுடைய அண்ணன் டொனால்ட் குறும்புக்காரன். மேல்வகுப்பில் டேமியன் என்றொரு கவர்ச்சியான மாணவன் இருக்கிறான். பொட்ஸ்டாம் அம்மையார் தலைமையாசிரியை. கண்டிப்புக்குப் பெயர்போன ஆசிரியர் கிராபினர்.

வாரம் பிறந்ததும் ஒரு கால அட்டவணை வரும். எந்த நாளில் எந்தப் பாடம் என்று நாமே நிரப்ப வேண்டும். மந்திரம் சிவப்பு, நீலம், பச்சை, வெள்ளை, கறுப்பு என ஐந்து நிறங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. எந்த நிறத்தைக் கூடப் படிக்கிறோமோ அந்த நிறத்து மந்திரங்கள் கைவரும். பரீட்சை எழுத்துப் பரீட்சை அல்ல. மாணவியை ஒரு நிலவறைக்குள் விட்டுவிடுவார்கள். கற்ற மந்திரங்களைக் கொண்டு அவள் வெளியேறும் வழியைக் காண வேண்டும். ஒரே பரீட்சைக்குப் பல விடைகள் உண்டு. ஒருத்தி கற்ற மந்திரம் வேறு, இன்னொருத்தி கற்றது வேறு என்பதால் இருவர் வெளியேறும் வழியும் வேறாகலாம். ‘மாதிரி விடை’யை மனனம் செய்து வளர்ந்த எமது தலைமுறைக்கு இது கொஞ்சம் புதினமாகவே இருக்கும்.

புலம்பெயர் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய ஒரு சொல் இந்தக் கதையில் உண்டு. மந்திரம் தெரியாத குடும்பத்தில் பிறந்து, தன்னில் மட்டும் ஆற்றல் முளைத்த பிள்ளையை அங்கே ‘வைல்ட்சீட்’ என்கிறார்கள். ஒருவரும் விதைக்காமல் தானாக முளைத்த விதை என்று பொருள் கொள்ளலாம். நாயகி அப்படிப்பட்டவள். எலெனும் அப்படியே. வேர்ஜீனியாவுக்கு வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே தெரிந்துவிட்ட விடயங்களை இந்த இருவரும் ஒவ்வொன்றாகக் கேட்டறிய வேண்டியிருக்கிறது.

எமது பிள்ளைகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. தாய் தகப்பன் படித்திராத பாடசாலை, தாய் தகப்பனுக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் வரும் கடிதம், அதை மொழிபெயர்த்துச் சொல்லும் பத்து வயதுப் பிள்ளை. இவை எமது வீடுகளில் நடந்தவை, இன்றும் நடப்பவை. மற்றப் பிள்ளைகளுக்குப் பிறப்போடு வந்த விதிகளை எமது பிள்ளைகள் தனியே நின்று கற்றார்கள். மந்திரப் பள்ளிக் கதைகள் அவர்களைப் பிடித்து இழுப்பதற்கு மந்திரத்தைவிட இது பெரிய காரணமாக இருக்கக்கூடும்.

மறைவாக எழுதப்படும் பேரேடு

இனிக் கணக்குக்கு வருவோம். இத்தகைய விளையாட்டில் நாயகி காதலிக்கக்கூடிய ஒவ்வொரு பாத்திரத்திற்கும் உள்ளே ஓர் எண் இருப்பது வழக்கம். நாம் ஒரு பேரேட்டில் ஆளுக்கொரு கணக்குத் திறப்பது போன்றது அது. உதாரணமாக, எலென் பரீட்சைப் பயத்தில் இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். “சேர்ந்து படிப்போம்” என்ற பதிலைத் தெரிவு செய்தால் அவள் கணக்கில் ஒன்று கூடும். “இதெல்லாம் ஒரு பயமா?” என்றால் ஒன்று குறையும். திரையில் இது எதுவும் தெரியாது. முகபாவம் கொஞ்சம் மாறும், அவ்வளவுதான். பதிவு மட்டும் உள்ளே விழுந்துவிடும்.

எண்ணோடு இன்னொன்றும் உண்டு. அதைக் ‘கொடி’ என்பார்கள். ஒரு சம்பவம் நடந்ததா இல்லையா என்பதற்கு உள்ளே நாட்டப்படும் அடையாளம் அது. கதையின் முக்கியமான இடம் வரும்போது நிரல் இரண்டையும் பார்க்கும். எண் போதுமா? தேவையான கொடிகள் எல்லாம் உண்டா? இருந்தால் அந்தப் பாத்திரத்தின் ‘பாதை’ திறக்கும். இல்லாவிட்டால் அது பூட்டியே கிடக்கும். ஆண்டிறுதிக் கணக்கை மூடி ஐந்தொகை தயாரிப்பதைப் போலவே கதையின் முடிவும் தயாராகிறது. வைகாசியில் வரும் முடிவு ஐப்பசியில் சொன்ன ஒரு சொல்லில் தங்கியிருக்கலாம்.

டொகிமெகி மெமோரியல் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. அறிமுகமான ஒரு பெண்ணை நெடுநாள் கவனிக்காமல் விட்டால் அவள் பெயருக்குப் பக்கத்தில் ஒரு குண்டு தோன்றும். அது வெடித்தால் மற்றப் பெண்கள் எல்லோரிடமும் அவனுக்கு இருந்த நல்லபெயர் சரியும். கட்டாமல் விட்ட கடன் ஊர் முழுக்கத் தெரியவரும் கதைதான். ஊரில் வாழ்ந்தவர்களுக்கு இது புதிதல்ல.

இந்தக் கணக்கு எதைக் கற்பிக்கிறது?

முதலாவது, அமையச் செலவு. உயர்தரத்தில் பொருளியல் படித்தவர்களுக்கு இந்தச் சொல் ஞாபகம் இருக்கும். ஒன்றைத் தெரிவு செய்யும்போது கைவிட நேரும் அடுத்த சிறந்த வாய்ப்பே அந்தத் தெரிவின் உண்மையான விலை. வாரத்தின் நாட்கள் கூடாது. பச்சை மந்திரம் படித்த நாளில் சிவப்பு மந்திரம் படிக்க முடியாது. எல்லோரையும் திருப்திப்படுத்த நினைப்பவள் ஒருவருடைய பாதையையும் திறக்காமலே ஆண்டை முடித்துவிடலாம். ஒரே நேரத்தில் எல்லாமாகவும் இருக்க முடியாது என்ற இந்தப் பாடம், சனிக்கிழமை தமிழ்ப் பாடசாலை, ஞாயிறு பரதம், இடையில் வயலின், மாலையில் ரியூஷன் என்று ஓடும் எமது பிள்ளைகளுக்கும், அவர்களை ஏற்றியிறக்கும் எமக்கும் தேவையானதே.

இரண்டாவது, இனிக்கப் பேசுபவனை அளப்பது. டேமியன் அழகன். நாயகியைத் தேடி வருவான், நயமாகப் பேசுவான், தன் சோகத்தைச் சொல்லுவான். அவனோடு போகும் பாதையில் ஒவ்வொரு தெரிவும் சரியானதாகவே தோன்றும். முடிவில் அவன் அவளுடைய ஆன்மாவையே கேட்கும் இடத்துக்குக் கதை வந்து நிற்கிறது. அன்பு என்றால் கேட்டதைக் கொடுத்துவிட வேண்டும் என்று நினைத்து வாசித்தவள் அந்த இடத்தில் திடுக்கிடுவாள். “யாரையும் நம்பாதே” என்று நாம் நூறு தரம் சொல்வதைவிட, நம்பி நம்பிப் போய் அந்தக் கேள்வியின் முன் தானே நிற்பது ஆழமாகப் பதியும். கதையில் ஏமாறுவதற்குச் செலவு குறைவு.

மூன்றாவது, பெற்றோர் சேர்ந்து பேச வேண்டிய இடம். ஆசிரியர் கிராபினரும் காதலிக்கக்கூடிய பாத்திரங்களில் ஒருவர். ஓர் ஆபத்திலிருந்து மாணவியைக் காப்பதற்காக அவளோடு பெயரளவில் திருமணம் என்ற திருப்பமும் அந்தப் பாதையில் உண்டு. கதை என்ற அளவில் பலர் இதை விரும்பி வாசிக்கிறார்கள். உலக நடப்பில் இது எங்கே நிற்கிறது என்பதைப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டியது எமது வேலை. பிரித்தானியாவில் 2003ஆம் ஆண்டின் பாலியல் குற்றங்கள் சட்டப்படி, தான் கற்பிக்கும் பாடசாலையின் 18 வயதுக்குட்பட்ட மாணவருடன் ஆசிரியர் பாலுறவு கொள்வது குற்றம். மாணவர் சம்மதித்தார் என்பது அதற்கு விடையாகாது. கனடாவின் குற்றவியல் சட்டமும் நம்பிக்கைக்கும் அதிகாரத்துக்கும் உரிய இடத்தில் இருப்பவரை அவ்வாறே பார்க்கிறது. புள்ளி போடுபவருக்கும் புள்ளி பெறுபவருக்கும் இடையில் விருப்பம் சமமாக இருக்க முடியாது என்பதை விளங்கப்படுத்த இந்தப் பாதை ஒரு நல்ல சாட்டு.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். நாயகி எலெனையோ வேர்ஜீனியாவையோகூடக் காதலிக்கலாம். மற்றப் பாதைகளைப் போலவே அவையும் வைக்கப்பட்டிருக்கின்றன. இதுபற்றி ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு கருத்து இருக்கும். ஆனால் பிள்ளை கதையைச் சாட்டாக வைத்துத் தன்னைப் பற்றியே ஒரு கேள்வி கேட்கக்கூடும். அந்த நேரத்தில் நாம் காட்டும் முகத்தைப் பிள்ளை நெடுநாள் மறக்காது.

பேரேடு எங்கே பிழைக்கிறது?

வர்த்தகம் படித்தவர்கள் முதலில் கற்பது இரட்டைப் பதிவு. ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலுக்கும் இரண்டு பக்கம் உண்டு. ஒரு கணக்கில் வரவானால் இன்னொன்றில் செலவாக வேண்டும். காதல் விளையாட்டின் பேரேடு ஒற்றைப் பதிவுப் பேரேடு. நான் சொன்னது, நான் கொடுத்தது, நான் போய்ப் பார்த்தது எல்லாம் பதிவாகின்றன. மற்றவருக்கென்று தனியான ஒரு மனம் அங்கே இல்லை. அவருடைய விருப்பம் என்பது என்னுடைய உழைப்பின் கூட்டுத்தொகை. போதிய அளவு சேர்ந்தால் கதவு திறந்தே ஆகவேண்டும்.

இந்த இடத்தில்தான் கவனம் வேண்டும், விசேடமாக ஆண்பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு. விளையாட்டில் ஒருத்தி ‘இல்லை’ என்றால், நாம் எங்கோ பிழையான பதிலைத் தெரிவு செய்துவிட்டோம் என்பதே பொருள். திரும்பிப் போய் வேறு பதிலைப் போட்டால் அதே ‘இல்லை’ ‘ஓம்’ ஆகும். வாழ்க்கையில் ஒருத்தியின் ‘இல்லை’ அவளுடைய முடிவு. அதைத் திருத்துவதற்கு இன்னும் எத்தனை பூங்கொத்து வேண்டும் என்று கணக்குப் பார்ப்பது அவளுக்குச் செய்யும் தொல்லை. ‘விடாமல் துரத்தினால் கடைசியில் சம்மதிப்பாள்’ என்று எமது சினிமாவும் பல காலமாகச் சொல்லி வந்திருக்கிறது. ஆகவே பழியை விளையாட்டின் மேல் மட்டும் போட முடியாது. ஒரே பொய்யை இரண்டு இடத்தில் கேட்கும் பிள்ளைக்கு மூன்றாவது இடத்திலாவது உண்மையைச் சொல்ல ஆள் வேண்டும்.

அடுத்தது, அழித்து எழுதுதல். ரென்பையில் செய்த விளையாட்டுகளில் கதையை வேண்டிய இடத்தில் சேமித்து வைக்கலாம். பெரும்பாலும் பின்னோக்கி உருட்டி, சொன்ன சொல்லைச் சொல்லாதது ஆக்கவும் முடியும். கணக்குப் பதிவில் நாம் அழிறப்பர் பாவிப்பதில்லை. பிழையான பதிவு பிழையாகவே நிற்கும். அதற்கு எதிராக ஒரு திருத்தப் பதிவை எழுதிச் சமப்படுத்துவோம். பின்னால் வந்து பார்ப்பவருக்கு இரண்டும் தெரியும். மனித உறவும் அப்படித்தான். சொல்லிவிட்ட சொல்லை அழிக்க முடியாது, மன்னிப்பு என்ற திருத்தப் பதிவை எழுதத்தான் முடியும். விளையாட்டில் பழகிய பிள்ளைக்கு இந்த வேறுபாட்டை ஒருவர் எடுத்துச் சொன்னால் சட்டென்று விளங்கும். சேமிப்பு என்ன, பின்னுருட்டல் என்ன என்பது எம்மைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

எமது வீட்டுப் பேரேடு

“காதலுக்குப் புள்ளி போடுகிறார்களா?” என்று சிரிக்கும் பெரியவர்கள் ஒருகணம் எமது கலியாணப் பேச்சுகளை நினைத்துப் பார்க்கலாம். உயரம், நிறம், படிப்பு, உத்தியோகம், எந்த நாட்டு விசா, எந்த ஊர், எந்தப் பகுதி, சாதகப் பொருத்தம் பத்தில் எத்தனை, சீதனம் என்ன. புரோக்கரின் கொப்பியிலும் ஆளுக்கொரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கும் போதிய தொகை சேர்ந்தால் கதவைத் திறக்கும், சேராவிட்டால் பூட்டும். வேறுபாடு ஒன்றுதான். விளையாட்டில் தெரிவு செய்பவள் நாயகி.

இன்னொரு பேரேடும் எமது வீடுகளில் ஓடுகிறது. “உங்களுக்காகத்தான் எல்லாத்தையும் விட்டிட்டு வந்தனாங்கள். இரண்டு வேலை செய்தனாங்கள்.” இது உண்மை. ஒரு சொல்லும் மிகையில்லை. ஆனால் இந்தத் தொகை ஆண்டுதோறும் முன்கொணரப்பட்டு, பிள்ளை ஒருவரை விரும்பும் நாளில் மொத்தமாகக் கேட்கப்படும்போது, பிள்ளையால் கட்டித் தீர்க்க முடியாத கடனாகிவிடுகிறது. அன்பாகக் கொடுத்ததைக் கடனாகப் பதிவது கணக்கியலிலும் பிழைதான். எங்கள் தியாகம் நன்கொடையா கடனா என்பதை நாம் தெளிவாகச் சொல்லாதவரை, பிள்ளை தன் காதலை மூடிய திரைக்குப் பின்னால்தான் வைத்திருக்கும்.

இதில் மொழியும் ஒரு காரணம். பல வீடுகளில் பிள்ளைகளுக்குத் தெரிந்த தமிழ் “சாப்பிட்டாச்சு”, “படிக்கிறன்”, “வாறன்” என்ற அளவில் நின்றுவிட்டது. “எனக்கு ஒருவரைப் பிடிச்சிருக்கு, ஆனால் பயமா இருக்கு” என்று சொல்லத் தமிழ் வருவதில்லை. அந்தச் சொற்களை அவர்கள் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் ஜேர்மனிலும், இப்படியான கதைகளிலிருந்தும் எடுத்துக்கொள்கிறார்கள். எனவே இந்த விளையாட்டு வெறும் பொழுதுபோக்காக மட்டும் இருப்பதில்லை. நாம் பேசாமல் விட்ட ஒரு பேச்சின் இடத்தையும் அது நிரப்புகிறது.

பெற்றோர் என்ன செய்யலாம்?

முதலில், எல்லா விஷுவல் நாவலையும் ஒரே கண்ணால் பார்க்க வேண்டாம். மஜிக்கல் டயரி போன்றவை இளையோருக்கான கதைகள். வளர்ந்தவர்களுக்கு மட்டுமானவையும் நிறைய உண்டு. படத்தைப் பார்த்து மட்டும் முடிவெடுக்க முடியாது. 2017இல் இலவசமாக வெளிவந்த ‘டோகி டோகி லிட்டரேச்சர் கிளப்’ பள்ளிக்கூடக் கவிதை வட்டம் போலத் தொடங்கும். உண்மையில் அது தற்கொலையும் தன்னைத்தான் காயப்படுத்தலும் வரும் உளவியல் திகில் கதை. பிள்ளைகளுக்கு உகந்ததல்ல என்று அந்த விளையாட்டே தொடக்கத்தில் எச்சரிக்கிறது. அந்த எச்சரிக்கையைப் பெற்றோரும் வாசிக்க வேண்டும். விற்பனைப் பக்கத்தில் உள்ள வயதுக் குறிப்பையும் உள்ளடக்கக் குறிப்பையும் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

இரண்டாவது, ஒரு மாலை பக்கத்தில் இருந்து சேர்ந்து வாசியுங்கள். விசாரணை வேண்டாம். “ஏன் இவனைத் தெரிவு செய்தாய்?” என்று கேட்டால் பிள்ளை வாயை மூடிவிடும். “இந்த எலென் நல்ல பிள்ளை போல இருக்கு, நீ என்ன நினைக்கிறாய்?” என்று கேட்டால் கதவு கொஞ்சம் திறக்கும். கதாபாத்திரத்தைப் பற்றிப் பேசுவது தன்னைப் பற்றிப் பேசுவதைவிட எளிது. டேமியனைப் பற்றி மகள் என்ன நினைக்கிறாள் என்பது தெரிந்தால், நாளை அவளுடைய வகுப்பில் ஒரு டேமியன் வந்தால் அவள் என்ன செய்வாள் என்பதும் ஓரளவு தெரியும்.

மூன்றாவது, தமிழ்ப் பாடசாலைகளுக்கு ஒரு யோசனை. ரென்பை இலவசம். அதன் அண்மைய பதிப்புகளில் தமிழ் போன்ற எழுத்துகளையும் கொம்பு, கால் இடம் மாறாமல் காட்ட முடியும். கலைவிழாவுக்கு நாடகம் எழுதும் மாணவர்கள் அதே கதையைப் பத்து நிமிட விஷுவல் நாவலாகச் செய்யலாம். ஒரு பாத்திரம் பேச, மற்றவர் சொல்லக்கூடிய மூன்று பதில்களைத் தமிழில் எழுத வேண்டும் என்றால், மூன்று விதமாகத் தமிழில் யோசிக்க வேண்டும். மனனம் செய்து ஒப்புவிக்கும் பேச்சுப் போட்டியில் அந்தப் பயிற்சி கிடைக்காது.

அப்படி ஒரு கதையை எழுதத் தொடங்கும் பிள்ளைகளுக்கு முதற்காட்சியை நாமே தரலாம். இடம்: இரவுச் சாப்பாடு முடிந்த சமையலறை. வெளியே பனி. அம்மா பாத்திரம் கழுவுகிறார், அப்பா மறுநாள் வேலைக்குச் சாப்பாடு கட்டுகிறார். மகள் கதவடியில் நின்று, “அம்மா, உங்களோட ஒண்டு கதைக்கவேணும். எனக்கு ஒருவரைப் பிடிச்சிருக்கு” என்கிறாள். திரையில் மூன்று பதில்கள் தோன்றுகின்றன.

ஒன்று: “ஆர் அவன்? எந்த ஊர்?”

இரண்டு: “முதலில படிப்பை முடி. பிறகு பாப்பம்.”

மூன்று: “இரு பிள்ளை, தேத்தண்ணி ஊத்துறன். சொல்லு.”

மூன்று பாதைகளும் எங்கெங்கே போய் முடியும் என்பதைப் பிள்ளைகளே எழுதட்டும். எழுதி முடித்ததும் பெற்றோர் வாசிக்க வேண்டும். எமது வீட்டில் அந்தக் காட்சி ஒருமுறைதான் வரும். அதைச் சேமித்து வைக்க வழியில்லை.